இரண்டாவது டிரைவர்

கோட்டய்யா இறந்த பிறகும் அவருடைய எடை அவர் ஓட்டிவந்த சொந்த லாரியை விட்டு இறங்கவில்லை. சிலகலூரிப்பேட்டை எடை மேடையில்தான் அது முதலில் தெரிந்தது. சரக்கு ஏற்றவில்லை, டிரைவர் மஸ்தான் கீழே நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான், ஆனாலும் வண்டி எழுபத்திரண்டு கிலோ கூடுதலாகக் காட்டியது. மேடைக்காரர் மேடையைக் கழுவி வேறு லாரிகளை ஏற்றிப் பார்த்தார். மேடையில் குறை இல்லை. ஓங்கோலுக்கு அருகே நெஞ்சு வலித்ததும் வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டி, பிரேக்கைப் போட்டுவிட்டுச் செத்தவர் கோட்டய்யா. எரித்தது உடம்பை மட்டும்தான் என்று அவர் மனைவி சீதாரத்னம் புரிந்துகொண்டாள்.

அரசு அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. சுண்ணாம்பு ஏற்றிப்போன வண்டியை ஒரிசா எல்லைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். சீதாரத்னம் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தாள்.

"மூட்டைக்கெல்லாம் பில் இருக்கு. மேல இருக்கிற எழுபத்திரண்டு கிலோ யாரோடது?" என்றார் அதிகாரி.

"எங்க வீட்டுக்காரரோடது சார்."

"சரக்கு வண்டியில ஆளு ஏத்தக் கூடாதும்மா. இறக்கிவிட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போ."

அவள் ஏறி இடதுபக்க இருக்கையைப் பார்த்து, "என்னங்க, இறங்கச் சொல்றாங்க" என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. பாஷை தெரியாத இந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனால் அவர் யாரிடம் வழி கேட்டு வீடு வருவார்?

மஸ்தான்தான் வாயைத் திறந்தான். "நேஷனல் பெர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் வேணும்னு போன மாசம் நீங்கதானே சார் ஃபைன் போட்டீங்க? இதோ, ரெண்டாவது ஆளு."

"லைசன்ஸ்?"

லைசன்ஸ் செல்லுபடியில் இருந்தது. அதிகாரி படத்தைப் பார்த்தார், இருக்கையைப் பார்த்தார். "தூங்குறாரா?"

"ராத்திரி பூரா ஓட்டினது சார்."

தடுப்புக்கட்டை உயர்ந்தது.

அப்படியே சில வருடங்கள் ஓடின. பிறகு டெல்லியில் விதி மாறியது. லாரிகள் இன்னும் பாரம் ஏற்றலாம், இரண்டாவது டிரைவர் கட்டாயமில்லை என்றார்கள். ஊரிலிருந்த முதலாளிகள் இரண்டாம் ஆட்களை நிறுத்திவிட்டு மூட்டைகளைக் கூட்டினார்கள்.

"அண்ணி, இனிமே அண்ணன் வரணும்னு சட்டம் இல்ல. இறங்கச் சொல்லிட்டா ஒண்ணு ரெண்டு மூட்டை சேத்து ஏத்தலாம்" என்றான் மஸ்தான்.

"உன்னையும் இறக்கிட்டா இன்னும் ரெண்டு மூட்டை. செய்யட்டுமா?"

அவன் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

அந்த மழைக்காலத்துக்கு முன் இடதுபக்க மெத்தை கிழிந்துபோயிற்று. சீதாரத்னம் அதைத் தைக்கக் கொண்டுபோனாள். உட்காருகிறவர் கனமான ஆளா என்று தையல்காரர் கேட்டார். நடுத்தரம்தான், ஆனால் முதுகுவலி உண்டு என்றாள். அவர் முதுகுப்பக்கம் கொஞ்சம் அதிகமாகப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தார்.