ஒற்றை விசில்

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அப்பாவின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமீது வைத்துப் பெயர் சொன்னாள். மகள் தாளில் அதற்கு நேராகக் கோடு கிழித்துக்கொண்டே வந்தாள். மூக்குக்கண்ணாடி. கைக்கடிகாரம். சீப்பு. வாய் மடித்த மிட்டாய்ப் பொட்டலம். கடைசியாக, கருப்புக் கயிறு கோத்த விசில்.

“இது எங்க இருந்துச்சும்மா?” என்று அம்மா கேட்டாள்.

“சட்டைப் பாக்கெட்லங்க. பட்டன் போட்டிருந்துச்சு.”

அம்மா விசிலை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

“நேத்து நீ சத்தம் போட்டதுலேர்ந்து, காலைல வேனுக்கு ஊதினதைத் தவிர, உள்ளயே வச்சு பட்டன் போட்டிருந்தாரு. அப்படியே இருந்திருக்கு பாரு,” என்றாள் மகளிடம். “எடுக்கக்கூட நேரமில்ல. ஒரு நிமிஷம் முடியாம இருந்திருந்தாலும் ஊரையே கூட்டியிருப்பாரே. கஷ்டப்படாமதான் போயிருக்காரு.”

மகள் கையெழுத்துப் போட்டாள். பேனா பாதியில் எழுதவில்லை. நர்ஸ் வேறு பேனா கொடுத்தாள்.

அப்பா முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டர். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்பலாம். வீட்டிலும் இதுதான் சட்டம். பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் இரண்டு விசில். யாராவது சாப்பாட்டு டப்பாவை மறந்திருந்தால் தெருமுனைவரை கேட்கும்படி ஒன்று. மகளுக்கும் தம்பிக்கும் கால்கள் அந்தச் சத்தத்துக்குத் தாமாகவே நிற்கப் பழகியிருந்தன.

அப்பாவின் எழுபது வயது நிறைவுக்கு ஐந்து நாள் சைக்கிள் பயணம் என்பது மகளின் ஏற்பாடு. அவள் கட்டட வரைபடம் போடுகிறவள். பயணத்தையும் அப்படியே அரை மணிக்கு ஒரு கட்டமாக வரைந்திருந்தாள். இரண்டு நாள் திராட்சைத் தோட்டங்கள், ஒரு நாள் காடு, பிறகு கடலோரச் சாலை. முழங்கால் வலிக்கார அம்மா மூட்டைகளோடு வேனில் முன்னால் போய்விடுவாள். சைக்கிளில் தம்பி முதலில், அவள் நடுவில், அப்பா கடைசியில்.

“கண்டக்டருக்கு எப்பவும் பின்வாசல்தான்,” என்று அவரே இடம் பிடித்துக்கொண்டார்.

கட்டங்கள் முதல் நாளே குலைந்தன. தோட்டத்தில் மட்டும் பதினான்கு முறை நிறுத்தினார். திராட்சை வரிசைகளின் முனையில் ஏன் ரோஜாச் செடி வைத்திருக்கிறார்கள் என்று கொடி கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்பதற்காக ஒரு தடவை. நோய் வந்தால் முதலில் ரோஜாவில்தான் தெரியும், பார்த்ததும் நாங்கள் உஷாராகிவிடுவோம் என்று அவள் சொன்னாள். அதை அன்றிரவு சாப்பாட்டு மேசையில் தன் கண்டுபிடிப்புபோல மூன்று முறை சொன்னார். காட்டில் ஒரு மரங்கொத்தியைக் காட்ட விசில் அடித்தார். அது பறந்துபோய்விட்டது.

வேன் டிரைவருக்கு மட்டும் அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. காலையில் அப்பா இரண்டு விசில் கொடுக்காமல் அவர் வண்டியை எடுப்பதில்லை. “ரைட் வராம எடுத்தா என்னை சஸ்பெண்ட் பண்ணிடுவாரும்மா,” என்பார் அம்மாவிடம்.

மூன்றாம் நாள் தங்கும் விடுதிக்கு இரண்டு மணி நேரம் தாமதம். சமையலறையை மூடிவிட்டார்கள். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றபடி மகள் கொட்டித் தீர்த்தாள்.

“சும்மா சும்மா விசில் அடிக்காதீங்கப்பா. நாங்க ஒண்ணும் உங்க பஸ் இல்ல.”

“ஆமா. பஸ்ஸா இருந்தா சொன்ன பேச்சு கேட்டிருக்கும்,” என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தம்பியும் போனிலிருந்து தலை தூக்கவில்லை. அப்பா கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி, சுருட்டி, பாக்கெட்டில் போட்டுப் பட்டனையும் போட்டார்.

இன்று காலை வேனுக்கு மட்டும் வெளியே எடுத்து இரண்டு கொடுத்தார். மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். அதன்பிறகு அவரிடமிருந்து சத்தமே இல்லை. கட்டத்தில் போட்டிருந்த நேரத்துக்குச் சரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கடல் இடதுபுறம் திறந்தபோதுகூட அவர் நிறுத்தவில்லை.

மேட்டுச் சாலையின் இரண்டாவது வளைவில் அவளுக்கு அது கேட்டது. ஒரே ஒரு விசில். நீளமாக இல்லை, பாதியில் மூச்சு விட்டதுபோல் நின்றது.

கால் தானாகவே நின்றது. அரை நாள்கூடத் தாங்கவில்லையே இவருக்கு என்று நினைத்தாள். பிறகு மிதித்தாள்.

மிதித்துக்கொண்டே அடுத்த இரண்டு விசிலுக்காகக் காது கொடுத்திருந்தாள். எங்கே நிறுத்தினாலும் ரைட் கொடுக்காமல் விட்டதில்லை அவர். இருபது நிமிடம் அது வரவில்லை.

திரும்பிப் போனபோது சைக்கிள் சாலையோரத்தில் ஸ்டாண்ட் போட்டு நேராக நின்றது. அப்பா கைப்பிடிச் சுவரில் தோளைச் சாய்த்து, கடலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தார். விசில் விரல்களுக்கிடையில் இருந்தது. கூப்பிட்டாள், உலுக்கினாள், மார்பில் அழுத்தினாள். ஆம்புலன்சுக்குப் பேசினாள், தம்பிக்குப் பேசினாள். அவன் வந்துசேர்வதற்குள், விசிலை எடுத்து அவர் பாக்கெட்டில் போட்டுப் பட்டன் போட்டிருந்தாள். அதை ஏன் செய்தோம் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வேலைகள் முடிய நான்கு மணி ஆயிற்று. உடலை நாளைதான் கொடுப்பார்கள். டிரைவர் மேட்டுக்குப் போய் அப்பாவின் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வேனின் பின்னால் மூன்றையும் சேர்த்துக் கட்டினார். நடுவில் அப்பாவுடையது.

“பாத்து நாலு நாளுதான், வருசக்கணக்கா பழகின மாதிரி இருக்கும்மா,” என்றார் அம்மாவிடம். “வண்டியக்கூட கீழ போடல மனுஷன். ஸ்டாண்ட் போட்டு, பூட்டி, அழகா ஓரமா நிறுத்தியிருக்காரு.”

அம்மா நிமிர்ந்தாள். “நிறுத்தியிருந்தாரா?”

மகளின் கை வேன் கதவிலேயே இருந்தது.

“நான்தான் நிறுத்தினேன்,” என்றான் தம்பி. “கீழ கிடந்துச்சு. நான்தான் தூக்கி ஓரமா வச்சுப் பூட்டினேன்.” கொஞ்சம் பொறுத்து, “அந்தக் காத்துல முன்னாடி போறவனுக்கு என்ன கேக்கும், சொல்லு,” என்றான்.

கேட்டதா என்று அவனை யாரும் கேட்டிருக்கவில்லை.

மகள் அவனைப் பார்த்தாள். அவன் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தான். இரண்டு தடவை முடிச்சு நழுவியது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, ஏறுங்க,” என்றாள் அம்மா. முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். மகளும் தம்பியும் பின்னால், ஆளுக்கொரு ஜன்னலோரம். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. அதில் அப்பாவின் ஹெல்மெட்டை வைத்தார்கள்.

அம்மா பின்பக்கம் கையை நீட்டினாள். உள்ளங்கையில் விசில்.

“நீ வச்சுக்க. உனக்குத்தான் இந்தச் சத்தம் ஆகாது. ஊதாம பத்திரமா வச்சிருப்ப.”

மகள் வாங்கிக்கொண்டாள்.

டிரைவர் சாவியைத் திருப்பினார். கியரில் கை வைத்து, நான்கு நாள் பழக்கத்தில், கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அப்புறம் பார்வையைத் திருப்பவும் இல்லை, வண்டியை எடுக்கவும் இல்லை. இன்ஜின் அதிர்வில் மகளின் மூடிய கைக்குள் விசிலின் சின்ன உருண்டை மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.