பிறந்த வீட்டுக் கோடி

அம்மாவின் தலையைச் சீவிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணாயி அத்தை அதைக் கேட்டாள்.

"குளிப்பாட்டியாச்சு. பொறந்த ஊட்டுக் கோடி போடாம எப்படித் தூக்கறது சாமி?"

கோகிலவாணியின் கை நின்றுவிட்டது. மலையில் ஒரு பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டார் கோடியென்று புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அப்புறம்தான் பாடை கிளம்பும். அம்மா எஸ்தருக்குப் பிறந்த வீடு ஏது? யாரோ சாக்கில் சுற்றி மிஷன் போர்டிங் வாசலில் விட்டுப்போன பிள்ளை. அப்போது அந்தப் பள்ளிக்கூடம் வெறும் கூரைக் கொட்டகை. அவள் நடை பழகியபோது ஓடு போட்டார்கள். பெரிய வகுப்புக்கு வந்தபோது கல் கட்டடம் எழும்பியது. கல் சுமந்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. இப்போது அங்கே மாடியும் வேனும் வந்துவிட்டன.

ஆனால் அவள் மாணிக்கத்தைக் கட்டிக்கொண்ட நாளோடு அந்த வாசல் அடைத்துப்போனது. கோயிலில் தாலி வாங்கியவளுக்கு இங்கே இடமில்லை என்று அன்றைய வார்டனம்மா சொல்லிவிட்டார். புகுந்த வீட்டில் நாத்தனார் கண்ணாயியோ, சண்டை வந்தால் போதும், "கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கு ஒரு பொறந்த ஊடு இருக்குதா உனக்கு?" என்பாள். நரம்பில்லாத நாக்கு. எஸ்தர் பதில் பேசாமல் அடுப்பை ஊதுவாள். இன்றைக்கும் பதில் இல்லாமலே அவளை அனுப்பக் கோகிலவாணிக்கு மனம் வரவில்லை.

"பக்கத்தூட்டு ராசப்பனை அண்ணன் முறைக்கு நிக்கச் சொல்லலாம். செம்மேட்டுல ஒரு சேலை வாங்கியாந்துருவான். ஊர் வாயை மூடோணுமில்ல?" கண்ணாயியின் குரலில் இன்று குத்தல் இல்லை. நிசமாகவே பதறினாள்.

"வேண்டாங்கத்தை. அம்மாவுக்கு ஊடு இருக்குது."

காப்பிச்செடிப் பக்கம் போய்ப் போர்டிங்குக்குப் போன் போட்டாள். எடுத்தது இப்போதைய வார்டன் தேன்மொழி. கோகிலவாணி தான் யாரென்று சொன்னாள், கோடியைப் பற்றிச் சொன்னாள். அப்புறம் அவசரமாகச் சேர்த்தாள்.

"நாங்க கோயிலுக்குப் போறவங்க. தப்பா நெனச்சுக்காதீங்க..."

"எப்பக் கண்ணு தூக்கறாங்க?"

"பொழுது சாயறதுக்குள்ளங்க."

"சரி," என்று வைத்துவிட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வெயில் பலாமரத்தைத் தாண்டியது. ஊர்ப் பெரியவர் செருமிக்கொண்டே இருந்தார். மாணிக்கம் பாடைக்கு வெட்டிவைத்த மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் "ராசப்பா, வண்டியை எடு" என்று கண்ணாயி சொன்னபோது கோகிலவாணி மறுக்கவில்லை. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் முட்டிக்கொண்டு வந்தது.

ராசப்பன் வண்டியை முறுக்கிக்கொண்டு போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். வளைவில் போர்டிங் வேன் வழியை மறித்து நின்றது; அதிலிருந்து இறங்கியவர்கள் வீட்டை நோக்கி நடந்து வந்தார்கள். முன்னால் தாம்பாளத்தோடு தேன்மொழி. அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் கையிலும் தாம்பாளம், ஒவ்வொன்றிலும் ஒரு புதுச்சேலை. அதற்கும் பின்னால் சீருடையில் பிள்ளைகள்.

"ஏனுங்க, நாலு எதுக்குங்க?" என்றான் ராசப்பன்.

"கூடப்பொறந்தவங்க ஆளுக்கொண்ணு போடோணுமில்லீங்களா? நானும் இந்த மலையில குண்டூர் நாட்டுக்காரிதானுங்க, மொறை தெரியும். ஆஸ்டல்ல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணு, சமையக்கட்டுல ஒண்ணு, சர்ச்சுல ஒண்ணு. எடுத்து வர நேரமாயிருச்சு." கோகிலவாணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு வாசலை அடைச்சது தப்பு கண்ணு. அதைச் சொல்லத்தான் எல்லாருமா வந்தோம்."

கண்ணாயி தாம்பாளங்களை மாறி மாறிப் பார்த்தாள். தன்னைப் பெற்றவளுக்கே இரண்டு கோடிதான் விழுந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப்போய், முறைப்படி தேன்மொழியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பெருங்குரலெடுத்தாள்.

"சம்மந்தி ஊட்டாரே, உங்க பொண்ணைப் பாருங்களே!"

கூடச் சேர்ந்து ஒப்பாரி சொல்லப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. தெரிந்த பாட்டைப் பாடினார்கள். மாணிக்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான்கு சேலையும் போர்த்தி முடிந்ததும் கண்ணாயி தலைமாட்டை விட்டு எழுந்தாள். "பொறந்த ஊட்டுக்காரங்க இங்க உக்காருங்க" என்று பாயை விரித்தாள். பாய் போதவில்லை. அடுத்த வீட்டில் பாய் கேட்டு வாங்க அவளே ஓடினாள்.