இரண்டாம் அறிவித்தல்

உம்மாவைச் சுற்றிய கபன் துணியின் கால்மாட்டு முடிச்சைப் போட்டுவிட்டு நஸ்லியா நிமிர்ந்தபோது, கண் முதலில் போனது உம்மாவின் முகத்துக்கு அல்ல, ஜன்னல் கட்டையில் கிடந்த போனுக்கு. அடிக்காமல் அப்படியே கிடக்கட்டும் என்று துஆ கேட்டாள். பெற்றவளின் மய்யத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்கிற துஆவா இது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இன்று ஞாயிறு. தம்பி றிஸாத்தைப் பேச விடுகிற நாள்.

பண்டாரவளையில் மரக்கறி லொறி ஓட்டியவன் அவன். ரஷ்யாவிலும் லொறிதான் என்று சொல்லித்தான் ஏஜன்சிக்காரன் ஏற்றி அனுப்பினான். போய் இறங்கியதும் கையில் துப்பாக்கி. இப்போது உக்ரேனில் போர்க்கைதி. கைதிகளை மாற்றிக்கொள்ளும்போது பேர் கொடுத்தால் வெளியே வரலாம். ஆனால் அப்படி வந்தவர்களை ரஷ்யாவில் திரும்பவும் சண்டைக்கே அனுப்புகிறார்களாம். அவனோடு இருந்து, பேர் கொடுத்துப் போனவர்களின் சத்தமே இல்லை. ஒவ்வொரு தடவையும் உம்மா ஒன்றையேதான் சொல்வாள்: "அங்கயே இரி மகன். மறியல்ல அடைபட்டு ஈந்தாலும் உசிரோட ஈக்கிறியே." அவனும் வாக்குக் கொடுத்திருந்தான்: "நீங்க ஈக்கிற வரைக்கும் பேரு குடுக்க மாட்டேன் உம்மா."

நீங்கள் இருக்கிற வரைக்கும். காலையிலிருந்து நஸ்லியா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

மய்யத்தைச் சுமக்கிற சந்தூக்கை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு இத்ரூஸ் மாமா, உம்மாவின் தம்பி, கதவருகே வந்து நின்றார். "புள்ள, மய்யத்து வீட்டுல பொய் செல்லப் போறியா?"

"செல்லத்தான் மாமா. அவன் ஊருக்கு வந்து சேர்ற வரைக்கும் உம்மா உசிரோட ஈக்கட்டும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தவளிடம் என்ன பேசுவது? மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். அழுகிற பெண்களைப் பின்வீட்டுக்கு அனுப்பியாயிற்று. யாசீன் ஓதுகிறவர்கள் வாய்க்குள் ஓதினார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்துச் செய்தி காலையிலேயே சொல்லி முடிந்துவிட்டது.

போன் அடித்தது. அடுப்பு எரியாத குசினிக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள்.

"ராத்தா, உம்மாக்கிட்ட குடு."

"உம்மா தூங்குறாங்க."

"இந்த நேரத்துலயா?"

"சளிடா. மருந்து குடிச்சிட்டுப் படுத்தாங்க. நீ சாப்பிட்டியா?"

"எழுப்பு ராத்தா. ஒரு வார்த்த கேட்டாப் போதும். இங்க பேரு கேட்டுக்கிட்டே ஈக்கிறாங்க."

"எழும்பினா இருமிக்கிட்டே ஈப்பாங்க. அடுத்த கெழம பேசு."

"சரி. தூங்கட்டும்."

நம்பிவிட்டான். நஸ்லியா மூச்சு விட்டாள். அப்போதுதான் வேலிக்கு அப்பால் ஒலிபெருக்கி கரகரத்தது.

மய்யத்தைத் தூக்குமுன் இன்னொரு தடவை அறிவிப்பார்கள். பிறந்ததிலிருந்து கேட்டு வருகிற வழக்கம். கேட்டுக் கேட்டே மறந்துபோன வழக்கம். போனை முந்தானைக்குள் பொத்தினாள். துண்டிக்க விரல் வரவில்லை. இந்தக் குரலை இனி எப்போது கேட்பது?

"ஜனாஸா அறிவித்தல். மர்ஹூம் ஹாஷிம் அவர்களின் மனைவியும், நஸ்லியா, றிஸாத் ஆகியோரின் தாயாருமான உம்மு குல்தூம்..."

எதிர்மலையில் மோதி எல்லாப் பேரும் இன்னொரு தடவை திரும்பி வந்தன. அவள் போனைக் காதில் வைத்தாள்.

"ராத்தா."

"ம்."

"மொகத்த மூடிட்டாங்களா?"

"இன்னம் இல்ல."

"மூடச் செல்லு. மழ வரும், நேரத்தோட தூக்கட்டும்."

"தம்பி, உம்மா செல்லிட்டுப் போனது..."

அவன் பக்கத்தில் நிற்கிற யாரிடமோ அந்த ஊர்ப் பாஷையில் பேசினான். நஸ்லியாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கடைசியில், எழுதுகிறவனுக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி, வாப்பாவின் பேரையும் சேர்த்துத் தன் முழுப் பேரைச் சொன்னான்.

வாசலில் சந்தூக்கைத் தூக்கினார்கள். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.