தகட்டு இறக்கை

“என்ன மொஹா, இந்த வாட்டர் பம்ப் கையில தூக்கினா தேநீர் கோப்பை மாதிரி லேசா இருக்கு?”

“புது மாதிரி, இத்தோ. பழைய பம்ப்புக்கு உள்ளே தண்ணி தள்ள வார்ப்பிரும்பு இறக்கை. இதுல தகடு. வேலை ஒண்ணுதான்.”

“தகடு மலையேறுமா?”

“உன்னையே ஏத்திக்கிட்டு ஓட்டுறேன். அதைவிடப் பாரமா?”

வசந்த காலத்தில் பேசியது. அன்று இத்தோ சிரித்தாள். இப்போது கோடை. மலைக் கணவாய்க்கு அந்தப் பக்கம், மிதெல்த் ஊரில், அவள் அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். காலையில் அண்ணன் போனில் “உடனே வா” என்றதோடு சரி.

சமவெளியில் அவள் கணவன் மொஹாவின் பழைய டீசல் டாக்சி ஒழுங்காகத்தான் ஓடியது. ஏற்றத்தில் ஆட்டு லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது, முந்த வழியில்லை. எஞ்சின் மெல்லச் சுற்ற, பம்ப்பும் மெல்லச் சுற்றியது. அந்தச் சின்னத் தகடுகளால் தண்ணீரைத் தள்ள முடியவில்லை. சூடு காட்டும் முள் ஏறியது. ஷெர்கி அனல் காற்றிலும் மொஹா ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டான்; எஞ்சின் சூட்டில் கொஞ்சமாவது வண்டிக்குள் இறங்கட்டும் என்று. இருவரும் வேர்த்து ஒழுகினார்கள். பயனில்லை. பானெட்டிலிருந்து ஆவி சீறியதும் வண்டியை ஓரம் கட்டினான்.

இறக்கத்தில் வந்த வெங்காய வேன்காரர் தலையை நீட்டினார். “தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறி தம்பி!”

“போன வருஷமே எறிஞ்சாச்சு அண்ணே.”

“அப்போ ஆண்டவன்தான் துணை. நான் இறங்குறவன், உன்னை ஏத்திவிட முடியாது.”

வேன் போன பிறகு மொஹா முணுமுணுத்தான். “ஸ்டாண்டுல எல்லாரும் கழட்டுறாங்கன்னு நானும் கழட்டினேன். இந்த எஞ்சின்ல அதுதான் தண்ணியை ரேடியேட்டருக்குத் திருப்பிவிடும். இப்போ பாதித் தண்ணி ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்புது. தள்ளுற பம்ப்பும் இந்த லட்சணம்.”

“மூடியைத் திறந்து தண்ணி ஊத்தேன்.”

“இப்போ திறந்தா முகம் வெந்துடும். ஆறணும். வேற வழியில்ல.”

மேலே போன டாக்சிகளில் எல்லாம் ஆள் நிறைந்திருந்தது. கை காட்டிக் காட்டி இத்தோவுக்குத் தோள் வலித்தது. போன் அடித்தது. “அப்பா வாசலையே பார்த்துக்கிட்டிருக்கார்,” என்றான் அண்ணன்.

டாக்சிக்காரனுக்குப் பெண் தரமாட்டேன் என்று சொன்னவர் அப்பா. அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்னவன் மொஹா. ஒவ்வொரு பெருநாளுக்கும் அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டு வண்டியிலேயே காத்திருப்பான். உள்ளே வா என்று அவளும் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

மொஹா சக்கரத்தின் அருகே குந்தியிருந்தான். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். அவள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“மொஹா, இன்னைக்குத் தெருமுனையில நிறுத்தாதே. என்கூட உள்ளே வா. பகையை விட்டுட்டு அப்பா தலையில ஒரு முத்தம் வை. நாம போறப்போ அவர் உயிரோட இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி.”