விரலைத் தூக்கு

…எண்ணெயை யார் ஊற்றச் சொன்னது, அதைத்தான் முதலில் கேட்க வேண்டும், கேட்டு இனி என்ன, ஊற்றியாயிற்று. ராஜாம்பாள் பஞ்சைத் திரித்து, கட்டிலில் கிடந்தவனுடைய வலது காதோரம் ஒற்றி எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், ஈரம், மினுமினுப்பு, இது வெறும் தேங்காய் எண்ணெய்தானா, எண்ணெய்க்கு அடியில் வேறு ஏதாவது கசிகிறதா, மண்டையோட்டின் அடிப்பக்கம் விரிசல் கண்டால் காது வழியாகத் தண்ணீர் மாதிரி வரும் என்று நர்சிங் படித்தபோது சொல்லிக் கொடுத்தார்கள், ஆனால் அதெல்லாம் எண்ணெய் ஊற்றாத காதுக்கு, இந்த மகராசி கரண்டியில் காய்ச்சி ஊற்றி வைத்திருக்கிறாள். "ராத்திரி பூரா காது வலிக்குதுன்னு அனத்திக்கினே இருந்தாருங்க நர்சம்மா, கரும்புக் கொல்லையில ஒளிச்சி வச்சிக்கினு நான் இன்னா பண்றது" என்றாள் அம்சவள்ளி, அவனுடைய பெண்டாட்டி, கட்டிலின் கால்மாட்டில் ஒட்டி உட்கார்ந்திருந்தவள். கச்சிராயபாளையத்திலிருந்து மாட்டு வண்டியில் வைக்கோலுக்கு நடுவே புருஷனைப் படுக்கவைத்து, ரோட்டுப் பக்கமே வராமல் வண்டிப்பாதையிலேயே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். ரோட்டில் எங்கே வருவது, இட ஒதுக்கீடு கேட்டு மறியல், மைல் கணக்கில் புளியமரங்கள் குறுக்கே கிடக்கின்றன, அதில் ஒரு மரத்தை வெட்டப்போன இடத்தில்தான் கிளை முறிந்து இந்தப் பகலவன் தலையில் விழுந்திருக்கிறது. டாக்டரோ விழுப்புரத்துக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார், போன் ஒரு தடவை கிடைத்தது, மண்டைக்குள் அடி என்று தெரிந்தால் தாமதிக்காமல் பாண்டிச்சேரிக்கு அனுப்பிவிடுங்கள் சிஸ்டர், இல்லையென்றால் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பலாம், நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்கள் என்றார், அப்புறம் லைன் செத்துவிட்டது. நீங்களே பார்த்து… எதைப் பார்ப்பது.

உச்சியிலிருந்து விரல்களை மெல்ல இறக்கினாள், முடிக்குள் கோழிமுட்டை அளவுக்கு ஒரு வீக்கம், தொட்டதும் அவன் முகம் சுருங்கியது, சரி, வலி தெரிகிறது, அழுத்தினால் எலும்பு உள்ளே போகவில்லை, போகவில்லைதானே, இன்னொரு தரம் தடவினாள். காதுக்குப் பின்னால் கன்றியிருக்கிறதா என்று பார்க்கலாமென்றால் அங்கே மஞ்சள் பத்து, காய்ந்து பொருக்குத் தட்டிக் கிடக்கிறது, ஈரத்துணியால் துடைத்தாள், மஞ்சள் போன இடத்தில் ஒரு கருநீலம், அது ரத்தம் கட்டியதா, இல்லை பச்சிலைச் சாறு வழிந்து பிடித்த கறையா. ஏனென்றால் பச்சிலையும் உண்டு. வலது கண்ணின் மேல் ஒரு கட்டு, அதை அவிழ்த்தால் உள்ளே வதக்கிய இலை. "இது இன்னா இலை" என்றாள் ராஜாம்பாள், கோபத்தில் அவளுக்கும் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. "ஊமத்தங்க. வீக்கம் வத்தும்னாங்க." டார்ச்சை அடித்தாள். இடது கண்மணி வெளிச்சம் பட்டதும் சுருங்கியது, வலதுகண் சுருங்கவில்லை, அகலமாகக் கறுப்பாகத் திறந்து கிடந்தது. மண்டைக்குள் ரத்தம் சேர்ந்து அழுத்தினால் இப்படி ஆகும். ஊமத்தைச் சாறு கண்ணில் பட்டாலும் இப்படித்தான் ஆகும். காதைக் கேட்டால் எண்ணெய், காதின் பின்புறத்தைக் கேட்டால் மஞ்சள், கண்ணைக் கேட்டால் ஊமத்தை, உடம்பு சொல்ல வந்ததை எல்லாம் இவள் பாசத்தோடு துடைத்து வைத்துவிட்டாள், இப்படி ஒரு பெண்டாட்டி வாய்த்தவன் கொடுத்துவைத்தவனா கெட்டுப்போனவனா.

"பாண்டிச்சேரிக்கு வேணாங்க நர்சம்மா" என்றாள் அம்சவள்ளி, அவளிடம் யாரும் இன்னும் பாண்டிச்சேரி என்று சொல்லவே இல்லை. "அங்க ஆஸ்பத்திரி கேட்டாண்டயே போலீசு நிக்குதாம். காயத்தோட போனவங்களெல்லாம் நேரா ஜெயிலுக்குத்தான் போறாங்கன்னு ஊருல பேசிக்கிறாங்க. மரம் வெட்டுனாருன்னு தெரிஞ்சா இவரு எப்ப வூடு திரும்பறது." ஆம்புலன்ஸ் டிரைவர் கொளஞ்சியப்பன் காலையிலேயே சொல்லிவிட்டான், தியாகதுருகத்தைத் தாண்டினால் கல்லெறியில் கண்ணாடி மிஞ்சாது, உள்ளே இருப்பது அவர்கள் ஆள் என்று சொன்னால் மறியல்காரர்கள் மரத்தை நகர்த்துவார்கள்தான், ஆனால் அதைப் போலீசும் கேட்டுக்கொண்டு நிற்குமே என்று. அனுப்பினால் கூடவே ராஜாம்பாளும் போக வேண்டும். அந்த ரோட்டில், சாய்ந்து கிடக்கும் மரங்களுக்கு நடுவே, மடியில் இந்தத் தலையை வைத்துக்கொண்டு. போக வேண்டியிருக்காது என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது, ஊமத்தைதான், வேறொன்றுமில்லை, இலைதான், அந்தக் குரல் நர்சுடையதா பயந்தவளுடையதா என்று அவளுக்கே நிச்சயமில்லை, அதனால்தான் இன்னும் அழுத்தமாக, ஒன்று விடாமல் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள். கண்ணையும் காதையும் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, உள்ளே வேலை செய்கிறதா என்று அவனையே கேட்டுவிடலாம்.

அவன் உதடு கிழிந்து வீங்கியிருந்தது, ஒவ்வொரு சொல்லுக்கும் ரத்தம் கசிந்தது, பேரைக் கேட்டதற்கு முனகலாகப் பகலவன் என்றான், அத்தோடு போதும் என்று விட்டுவிட்டாள். "தம்பி, பேசாதப்பா. கண்ணை மூடிக்க. நான் கேக்கறது தெரிஞ்சா விரலைத் தூக்கு, தெரியலன்னா சும்மா இரு." பஞ்சு நுனியால் நெற்றியைத் தொட்டாள், விரல் எழுந்தது. கன்னம், விரல். தாடை, அங்கேயும் விரல், நல்லது. காபித்தூளை மூக்கின் ஒரு துவாரத்தில் காட்டினாள், கொஞ்சம் யோசித்து எழுந்தது, அடுத்த துவாரம், எழுந்தது. இடது கண்ணைக் கையால் பொத்தி வலது கண்ணைத் திறக்கச் சொல்லி, இது எத்தனை என்று இரண்டு விரலைக் காட்டினாள், பாழாய்ப்போன ஊமத்தை போட்ட கண்ணாயிற்றே, மங்கலாகத்தான் தெரியும், ஆனாலும் தயங்கித் தயங்கி இரண்டு விரல் வந்தது. மறுபடி கண்ணை மூடச் சொல்லி, கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது காதருகே பிடித்தாள், விரல். வலது காதருகே, எண்ணெய் மிதக்கிற அந்தக் காதருகே, மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்தாள். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு விரல் எழுந்தது. ராஜாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது, எத்தனை பேரை இப்படிப் பார்த்திருக்கிறாள், ஒருத்தனுக்கும் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை, காது கேட்கிறது, மூக்கு வேலை செய்கிறது, முகத்தில் உணர்ச்சி இருக்கிறது, அப்படியானால் கண்மணி விரிந்தது இலையால்தான், கருநீலம் கறைதான், கசிவது எண்ணெய்தான். போக வேண்டாம். யாரும் எங்கேயும் போக வேண்டாம்.

"வண்டியப் பின்பக்கம் கொண்டாரச் சொல்லும்மா" என்றாள், "ஊசி போடறேன், வூட்டுல தலைய அசைக்காம படுக்க வை, வாந்தி வந்தா உடனே தூக்கிக்கினு வா, எண்ணெ கிண்ணென்னு எதையாச்சும் ஊத்துன, நானே வந்து உன் காதுல ஊத்துவேன்." அம்சவள்ளி சிரிக்கவில்லை, வண்டிக்காரனைச் சன்னல் வழியாகவே கூப்பிட்டுச் சொன்னாள், எழுந்திருக்கவில்லை, கால்மாட்டிலேயே இருந்தாள், பாவம், நம்ப முடியவில்லை போல. ராஜாம்பாள் கடிகாரத்தை மேசைமேல் வைத்தாள், ஊசியைக் கொதிக்க வைக்கத் திரும்பியவள் ஒரு ஈ அவனுடைய வலது காதில் உட்காருவதைப் பார்த்தாள், எண்ணெய்க்கு ஈ வருமா, வராதே, வேறு எதற்கோ வந்திருக்கிறது, சீ என்று குனிந்து ஒரு வார்த்தை பேசாமல் வெறும் கையைக் காதருகே கொண்டுபோனாள், ஈ பறந்தது. அவன் விரல் எழுந்தது.

எதற்கு? கையில் கடிகாரம் இல்லை. சத்தம் இல்லை. அவள் எதுவும் கேட்கவில்லை. எழுந்த விரல் அப்படியே நின்றது, சரியாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்பது போல. ராஜாம்பாள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள், அவன் கால் பக்கம், போர்வை பக்கம், போர்வைக்குள் முழங்கை வரை நுழைந்திருந்த அம்சவள்ளியின் கைப்பக்கம். அவனுடைய கால் கட்டைவிரலை அழுத்திக்கொண்டிருக்கிறாள். அங்கே துணி புடைத்திருப்பது தெரிந்தது. ஒரு அழுத்தம் என்றால் ஒரு விரல், இரண்டு அழுத்தம் என்றால் இரண்டு, வண்டியில் வரும்போதே பேசி வைத்துக்கொண்டார்களா, இல்லை, எத்தனை வருஷமாகவோ பழகிய கை, சொல்லாமலே அவனுக்குப் புரிந்ததா. அப்படியானால் காபித்தூள் யாருக்கு மணத்தது, கடிகாரம் யாருக்குக் கேட்டது, இரண்டு விரலைப் பார்த்தது எந்தக் கண். இவ்வளவு நேரமாக நான் அம்சவள்ளியின் காதையும் மூக்கையும் அல்லவா சோதித்திருக்கிறேன், அவளுக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

"கைய எடும்மா" என்றாள். அம்சவள்ளி எடுக்கவில்லை. "வூட்டுக்குப் போலாம்னு சொல்லிட்டீங்களே நர்சம்மா" என்றாள், கெஞ்சலாக இல்லை, சின்னக் குரலில், குழந்தையை எழுப்பிவிடாதே என்று சொல்வது போல. பின்பக்கம் மாட்டு வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சொன்னேனே, வாயால் சொன்னேன், அந்தச் சொல்லை ஒருத்தி பிடித்துக்கொண்டிருக்கிறாள். ராஜாம்பாள் நகர்ந்து கட்டிலின் கால்மாட்டுக்கும் அவனுடைய தலைக்கும் நடுவே வந்து நின்றாள், போர்வையை விலக்கி அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்தாள், ஜில்லென்று இருந்தது. மற்றொரு கையால் அவனுடைய நல்ல காதை அழுத்தி மூடினாள். இனி வலது காதுக்குள் குனிந்து பகலவா என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான், ஒரே ஒரு சொல், அதற்கு அவன் என்ன செய்கிறான் என்று பார்த்தால் தெரிந்துவிடும். குனிந்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை, அவன் கேட்டுவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்வது அவனுக்காக இல்லை, ரோட்டுக்குப் பயந்த தனக்காகத்தான் என்று அந்த நேரத்தில் அவளுக்குப் புரிந்துபோயிற்று, கையிலிருந்த அம்சவள்ளியின் விரல்கள் இப்போது அவளுடைய உள்ளங்கையை ஒரு தரம் அழுத்தின.