இரண்டு இழுப்பு

சங்கு குளிக்கிற வள்ளத்தில் அஃப்ஸல் கடலுக்குள் இறங்குகிறவன் இல்லை. மேலே நின்று காற்றுக் குழாயைப் பிடிக்கிறவன். கீழே இருக்கும் மச்சான் நௌஃபல் ஒரு இழுப்பு இழுத்தால் குழாயை இன்னும் விட வேண்டும், இரண்டு இழுத்தால் ஆளைத் தூக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அஃப்ஸலின் உள்ளங்கைக்கு இதில் சந்தேகமே வந்ததில்லை. இன்றைக்கு வந்தது. குழாய் ஆடியது. ஒன்றா, இரண்டா? நினைப்பெல்லாம் மகள் யுஸ்ராவின் ஸ்கேன் படத்தில் அல்லவா கிடந்தது!

யுஸ்ராவுக்குப் பத்து மாதம். இன்னும் கழுத்து நிற்கவில்லை. நேற்று டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் சுருள் சுருளாகச் சுற்றினார்.

"கோடு நரம்பு. சுத்தியிருக்கது, மூளையில நரம்புக்குத் துணையா இருக்க கிளியா செல் போடுத உறை. நரம்புகிட்ட இருந்து சிக்னல் வந்தாத்தான் அந்த செல் முழுசா வளர்ந்து உறை சுத்தும். உங்க பிள்ளைக்கு அது பாதியில நிக்கி."

"நரம்பு சொல்லலியா, இல்ல இது கேக்கலியாம்மா?"

"அதான் தெரியல. செல்லும் நரம்புக்குத் திருப்பிச் சொல்லும். சில பிள்ளையளுக்குப் பிந்தி வரும், சிலதுக்கு வராது. தொடுங்க, பேசுங்க. நரம்பு வேலை செஞ்சா அந்த செல்லுக்கும் ஒரு தூண்டுதல். அதுலயே சரியாயிரும்னு என்னால சொல்ல முடியாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் பாப்போம்."

வள்ளத்தில் அஃப்ஸல் இரண்டென்றே எடுத்துக்கொண்டு குழாயை இழுத்துவிட்டான். நௌஃபல் வெறும் வலைப்பையோடு மேலே வந்து மூச்சு வாங்கினான்.

"கிறுக்கா புடிச்சிருக்கு மச்சான்? ஒண்ணுதான இழுத்தேன்! சங்கு கண்ணு முன்னால கிடக்கு, ஆளத் தூக்குதிய!"

"ரெண்டு மாதிரி இருந்துச்சுடே."

"இல்லாததெல்லாம் உங்க கைக்குக் கேக்கு."

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது மனைவி ருமைஸா பாயில் பிள்ளையைக் கிடத்திப் பேசிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து பேசிப் பேசி அவள் தொண்டை கட்டியிருந்தது. "கேக்காளோ, கேக்கலியோ" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

அவன் உட்கார்ந்து அந்தச் சின்ன உள்ளங்காலில் கட்டைவிரலை ஒருமுறை அழுத்தினான். ஒன்றுமில்லை. இன்னொரு முறை. பிள்ளை கொட்டாவி விட்டது. மூன்றாம் முறை, விரலை எடுக்குமுன் ஏதோ ஒன்று, மெத்தென்று, திருப்பி அழுத்தியது.

"ஏளா, பாத்தியா?"

"காலைப் புடிச்சிருக்கது நீங்க. நீங்களே அசைச்சிருப்பிய."

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவன் பாதத்தைக் கையில் ஏந்திக்கொண்டான், குழாயைப் பிடிக்கிற மாதிரியே: நழுவாத அளவுக்கு இறுக்கம், கீழே இருப்பவள் இழுத்தால் தெரிகிற அளவுக்குத் தளர்வு. ருமைஸா பேச்சை நிறுத்தினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.