இடது பெடல்

புறப்படுவதற்குப் பதினைந்து நாள் முன்பே ஒரு பட்டியல் போட்டேன். சாயங்காலம் கீரனூரில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறேன். எதைச் செய்தாலும் வரிசை எண் போட்டு எழுதுங்கள், அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கே குறித்து வையுங்கள் என்று அங்கே சார் சொல்வார். அப்படிப் போட்ட பட்டியல். செயின், பிரேக் கட்டை, முன் டயர், பின் டயர், பெல், கேரியர், ஸ்டாண்டு. எட்டாவதாக, அப்பாவின் சைக்கிள், இடது பெடல்: ரப்பர் இல்லை, இரும்பு மட்டும். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அதை அப்பாவிடம் காட்டினேன். அவர் சீட்டில் உட்கார்ந்தபடி ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தார்.

"அது போயி மூணு வருசமாச்சு. செருப்புக் காலுக்கு என்னத்தத் தெரியப்போவுது?" என்றார்.

சரிதான் என்று தோன்றியது. கேள்விக்குறியை அடித்துவிட்டு டிக் போட்டேன். இருவருமே அவர் காலில் கிடந்த செருப்பைப் பார்த்துக்கொண்டுதான் பேசினோம். வேளாங்கண்ணிக்கு அவர் செருப்பில்லாமல் வரப்போகிறார் என்பது இருவருக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

நேர்ச்சை எனக்காக. போன வருடம் மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்தது. ரத்தத் தட்டணுக்கள் பதினெட்டாயிரத்துக்கு இறங்கிய அன்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அப்பா மாதாவிடம் பேசியிருக்கிறார். பிள்ளையை எழுப்பிக் கொடு, அவளைக் கூட்டிக்கொண்டு சைக்கிளிலேயே உன் கோயிலுக்கு வருகிறேன், நான் காலில் எதுவும் போடாமல் வருகிறேன் என்று. மறுநாள் எண்ணிக்கை ஏறியது. நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். பெரும்பாலும் அது தானாகவே ஏறும் என்று எனக்குத் தெரியும். சிலருக்கு ஏறாமலே போகும் என்பதும் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

அப்பா அருள்சாமிக்கு ஐம்பத்தேழு வயது. ஆவூரில் பள்ளிக்கூடத்து பியூன். சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது. மாத்திரை எல்லாம் நான்தான் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுக்கிறேன். அவருடைய பாதங்களைப் பார்த்தேனா என்று யாராவது கேட்டால், இல்லை. பட்டியலில் சைக்கிளின் பாகங்கள் மட்டுமே இருந்தன.

ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி காலை நாலே முக்காலுக்குப் புறப்பட்டோம். இருபத்தொன்பதாம் தேதி திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன் போய்ச் சேர்வது கணக்கு. அம்மா மரிய செல்வி கோயில் வாசல் வரை வந்து எங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டாள். அப்பா காவி வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். எனக்கு ப்ளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிள், காலில் கேன்வாஸ் ஷூ. தஞ்சாவூர் வழி பக்கம்தான். ஆனாலும் அறந்தாங்கியில் ரீட்டா அத்தை வீட்டில் இரவு தங்கலாம் என்பதால் புதுக்கோட்டை வழியாகப் போனோம்.

கீரனூர் தாண்டியதும் திருச்சி பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவர், "பெரியவரே, ரேஸா? பின்னால வர்ற பிள்ள செயிச்சிரும் போலருக்கே!" என்று கத்தினார்.

"செயிக்கட்டும். பரிசு என் வீட்டுக்குத்தான வரும்!" என்று அப்பா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

அன்று முழுக்க அவர் அப்படித்தான் இருந்தார். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தார். புதுக்கோட்டையில் ஒன்பதரைக்கு இட்லி சாப்பிட்டோம். அப்போது அவருடைய இடது பெடலில் பழுப்பாக எதையோ பார்த்தேன். நோட்டில் 'துரு, எண்ணெய் போட வேண்டும்' என்று எழுதினேன். இப்போது அந்த வரியைப் படிக்கும்போது எழுதியவளை அறைய வேண்டும் போல் இருக்கிறது.

உச்சி வெயிலுக்கு ஒரு புளியமரத்தடியில் படுத்துவிட்டு, அறந்தாங்கிக்குச் சாயங்காலம் ஐந்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அத்தையின் கணவர் குவைத்தில் இருக்கிறார், அவள் மட்டும்தான் வீட்டில். நடைப்பயணமாக வருகிறவர்களின் காலில் வீட்டுக்காரர்கள் தண்ணீர் ஊற்றி வரவேற்பது எங்கள் பக்கத்து வழக்கம். சைக்கிளில் வந்தால் என்ன, அத்தை ஒரு குடம் தண்ணீரோடு கேட்டருகே காத்திருந்தாள்.

"காலை நீட்டுண்ணே. ராசா மாதிரி நிக்கிறத பாரு!"

வலது காலில் ஊற்றினாள், மண் கரைந்து ஓடியது. இடது காலில் ஊற்றினாள். சிமெண்டுத் தரையில் ஓடிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. அத்தை மறுபடி ஊற்றினாள். மறுபடியும் சிவப்பு.

"அண்ணே, என்னண்ணே இது!"

நான் குனிந்து பாதத்தைத் திருப்பினேன். பெருவிரலுக்குக் கீழே சதைப்பற்றான இடத்தில் பெடலின் இரும்பு விளிம்பு அப்படியே பதிந்து, தோல் மடங்கி, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவ்வளவு நேரம் மிதித்திருக்கிறார். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை.

"வலிக்கலயாப்பா?"

"இல்லயே." அவரும் எட்டிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா ரீட்டா? இவ்வளவு பெரிய காயம், எறும்பு கடிச்ச வலிகூட இல்ல. மாதா தூக்கிட்டு வந்திருக்கா என்னைய."

அத்தை சட்டென்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர். நான் ஒருத்திதான் அங்கே பயந்துபோய் நின்றேன்.

உப்புத் தண்ணீரில் கழுவி, மருந்து வைத்துக் கட்டினேன். கைக்கு அது பழக்கமான வேலை. போட்டோ எடுத்து, எங்கள் கடைக்குப் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டருக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "நாளைக்கே அட்மிட் பண்ணும்மா. காலைத் தரையில வைக்க விடாத. வெரலோட போறதா, காலோட போறதாங்கறது இனிமே நீ பாத்துக்கறதுலதான் இருக்கு."

அதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். நரம்பு செத்துப்போனால்தான் வலி தெரியாது, வலிக்காததுதான் இதில் மோசம் என்றேன். சரியான சொற்களில் சொன்னேனா என்று தெரியவில்லை. வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போல இருந்திருக்கும்.

"டாக்டருக்குத் தெரிஞ்சத அவரு சொல்றாரு," என்றார் பொறுமையாக. "போயிட்டு வந்து படுத்துக்கிறேன் தாயி, நீ எந்த ஆஸ்பத்திரி சொன்னாலும்."

"அதுக்குள்ள மூணு நாளாயிரும்பா."

"மூணே நாளு."

அம்மாவுக்குப் போன் போட்டேன். முதலில் அழுதாள். அப்புறம், "அவரு கேக்கமாட்டாருடி. நீயே எதாவது செய்யி, நீதான் படிச்ச பிள்ள," என்றாள்.

இரவு ஏழு மணிக்கு நோட்டில் செய்யக்கூடியவை என்று தலைப்புப் போட்டேன். ஒன்று, இந்த ஊர்ப் பங்குச் சாமியாரிடம் கேட்பது. இரண்டு என்று எழுதிவிட்டு அப்படியே வைத்துவிட்டேன்.

காலை ஆறு மணிப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் சாமியாரைப் பிடித்தேன். இளவயதுக்காரர், பெயர் ஆண்ட்ரூஸ். பொறுமையாகக் கேட்டார்.

"நேர்ச்சைய மாத்திக் குடுக்கலாம்மா, வழி இருக்கு. ஆனா நேந்துக்கிட்டவரு வந்து கேக்கணும். நீங்க கேட்டு நான் மாத்த முடியாது."

அப்பாவைக் கூட்டி வந்தேன். காலையில் எழுந்ததும் நான் போட்ட கட்டை அவிழ்த்து, மடித்து, ஜன்னலில் வைத்துவிட்டிருந்தார். துணியாக இருந்தாலும் அதுவும் ஒரு செருப்புதான் என்றாராம் அத்தையிடம். சாமியார் குனிந்து அவர் காலைப் பார்த்தார்.

"அய்யா, செருப்புப் போட்டுக்கங்க. இல்லன்னா பஸ்ஸுல போங்க. அதுக்குப் பதிலா தினமும் அம்பத்து மூணு மணிச் செபமாலை சொல்லுங்க. மாதா தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் முன்னால் அப்படித்தான் நிற்பார்.

"சாமி, கோவிச்சுக்காதீங்க. நான் கேட்டப்ப மாதா, 'பிள்ளைக்குப் பதிலா வேற ஒண்ணு தாரேன்'னு சொல்லலிங்களே. கேட்டதத்தான குடுத்தா."

சாமியார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் அப்பாவின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு உள்ளே போனார்.

அத்தை வீட்டில் ஒரு பழைய சைக்கிள் டியூப் கிடைத்தது. அதை நீளமாக வெட்டி இடது பெடலில் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். இதற்கும் ஏதாவது சொல்வாரோ என்று பார்த்தேன்.

"பெடலுக்குக் கட்டிக்க. பெடலு நேந்துக்கலயே," என்று சிரித்தார்.

பதினைந்து நாள் முன்பு செய்திருக்க வேண்டிய வேலை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கட்டுமாவடி ரோட்டில் எட்டரைக்கு ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அவர் உள்ளே தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது நான் இரண்டாவதைச் செய்தேன். அவர் சைக்கிளின் பின் சக்கரத்து வால்வைத் திருகிக் கழற்றிப் பென்சில் பைக்குள் போட்டுக்கொண்டேன். காற்று போகும் சத்தம் கடை ரேடியோவில் அமுங்கிவிட்டது. என் கணக்கு இதுதான்: அந்தப் பக்கம் சைக்கிள் கடை இல்லை, அறந்தாங்கி போகும் மினி பஸ் இருபது நிமிடத்தில் வரும், சைக்கிளை மேலே ஏற்றலாம், திரும்பியதும் ஆஸ்பத்திரி. நான் போட்ட கணக்கு எதுவும் அதற்கு முன்பு சரியாக வந்ததில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அப்பா வந்து டயரை அமுக்கிப் பார்த்தார். "பஞ்சரு போலருக்கே."

"மினி பஸ் வரும்பா. அறந்தாங்கிக்கே போயி ஒட்டிட்டு வந்துருவோம்."

"பின்னால எதுக்குப் போவணும்? முன்னால எங்கிட்டாச்சும் கடை இருக்கும்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. சைக்கிள் இல்லையென்றால் அவர் நிற்பார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் நடப்பார் என்று நினைக்கவில்லை. பெடலில் நாலு சுற்று ரப்பராவது இருந்தது. ரோட்டில் ஜல்லி இருந்தது. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. அவர் சத்தமாக அருள் நிறைந்த மரியே செபம் சொல்லிக்கொண்டு போனார், மறுபாதியை நான் சொல்ல வேண்டும். நான் பின்னால் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சொன்னேன். அவருடைய வலது கால் பட்ட இடத்தில் ஒன்றும் இல்லை. இடது கால் பட்ட இடத்திலெல்லாம் ஒரு ரூபாய் அகலத்தில் ஈரம்.

இரண்டாவது கிலோமீட்டர் கல் வரை பொறுத்தேன். மினி பஸ் வந்தது. கை காட்டினேன், நின்றது. அப்பா கண்டக்டரிடம், "நீங்க போங்க தம்பி," என்றார். அது போய்விட்டது.

"அப்பா, நில்லுங்க. வால்வு என்கிட்ட இருக்கு."

அவர் திரும்பினார். நான் பென்சில் பையைத் திறந்து காட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கிலோமீட்டர் கல்லில் உட்கார்ந்தார். இடது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் காயத்தை அழுத்தினார். இன்னும் அழுத்தினார்.

"நெசமாவே தெரியல நான்சி," என்றார். குரல் நேற்றைப் போல இல்லை. "யாரோட காலையோ தொடுற மாதிரி இருக்கு."

"போயிருவோம்பா. ப்ளீஸ்."

"எனக்கு மட்டும் ஆசையா? கால் போனா நாளைக்குப் பள்ளிக்கூடத்துல யாரு மணியடிக்கிறது?" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இப்ப நான் இங்கனக்குள்ள நின்னுட்டு, அடுத்த மழைக்கு ஒனக்குக் காச்ச வந்துச்சுன்னா? மறுபடி அந்தப் படியில உக்காந்து எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பேன்? சொல்லு."

அப்படியெல்லாம் வராது என்று சொல்ல வாயெடுத்தேன். வராது என்று எனக்கு எப்படித் தெரியும்? கொசு எங்கள் தெருவிலும் இருக்கிறது. அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். ஏதாவது நான் சொல்லிவிட மாட்டேனா என்று பார்ப்பது போலத்தான் இருந்தது.

பிறகு எழுந்து சைக்கிளைப் பிடித்தார். வால்வைக் கேட்கவில்லை. ஸ்டாண்டை எடுத்துவிட்டு, அப்படியே தள்ள இடது காலை முன்னால் வைத்தார்.

"வைக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். "சீட்டுல ஏறி ஒக்காருங்க. காலைக் கீழ வைக்காதீங்க."

"காத்து?"

"நான் அடிக்கிறேன்."

சைக்கிளை மறுபடி ஸ்டாண்டில் நிறுத்தினேன். அவரை மேலே ஏற்றி, இரண்டு கால்களையும் பெடலில் வைக்கச் சொன்னேன். வால்வை முடுக்கிவிட்டு, என் கேரியரில் கட்டியிருந்த கைப்பம்பை எடுத்து அடித்தேன். அவர் பாரத்தோடு டயர் மெதுவாக எழுந்தது. எண்ணிக்கொண்டே அடித்தேன், நூற்றுப்பத்துக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. எவ்வளவு கெட்டியாக அடிக்க முடியுமோ அவ்வளவு அடித்தேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு ஒழுங்காகச் செய்த வேலை வேறு இல்லை.

ஸ்டாண்டை எடுத்துப் பின்னாலிருந்து கேரியரைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். சிறுவயதில் அவர் எனக்குத் தள்ளிவிட்டது போல. கால் தரையில் படாமலே அவர் கிளம்பிப் போனார். நான் என் சைக்கிளில் ஏறி வேகமாக மிதித்து அவருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். வேளாங்கண்ணிக்கு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல்.

கொஞ்ச தூரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தல். இரண்டு பெண்கள் மோர் டம்ளர்களோடு ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். அப்பா பிரேக்கைப் பிடித்தார். இடது கால் பெடலை விட்டு இறங்கப் போனது.

"நிக்காதீங்கப்பா," என்றேன். "நான் வாங்கியாரேன். நீங்க மிதிங்க. நிக்காம மிதிச்சுக்கிட்டே இருங்க."